பெயரில் ஹாம், வடிவில் சாசேஜ்: ஒரு ரீஃபர் கொள்கலனின் சுங்க வகைப்பாடு

சென்னைத் துறைமுகத்துக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு 20 அடி ரீஃபர் (குளிரூட்டும்) கொள்கலன் வருகிறது. மைனஸ் 18 டிகிரியில் 13,000 கிலோ பன்றி இறைச்சிப் பொருள்கள். வாங்குபவர் நட்சத்திர விடுதிகளுக்கும் பீட்சா கடைகளுக்கும் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி. கொள்கலன் இங்கே ஒரு மாதிரிதான். எடையும் விலையும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. தீர்வை அட்டவணை, சட்டப் பிரிவுகள், குறிப்புகள் எல்லாம் நடைமுறையில் உள்ளவை. இன்வாய்ஸின் ஆறு வரிகளிலும் எழும் கேள்விகள் இந்த வகைச் சரக்கில் மறுபடி மறுபடி எழுபவை.

இன்வாய்ஸில் இருந்தவையும், விற்பவர் போட்டிருந்த எச்எஸ் எண்களும் (சுங்க வகைப்பாட்டு எண்கள்):

1. வேகவைத்த ஹாம் (பன்றிப் பின்தொடைக் கறி), 6 கிலோ உருளை, பிளாஸ்டிக் உறையுடன், 4,200 கிலோ – 1602 41
2. புகையூட்டிய பேக்கன் துண்டுகள், 3,000 கிலோ – 0210 12
3. மசாலா தடவிய விலா எலும்புக் கறி, வேகாதது, 2,500 கிலோ – 0203 29
4. பீட்சா டாப்பிங், சதுரத் துண்டுகள், 1,500 கிலோ – 1602 49
5. வெந்து உதிர்த்த தோள்பகுதிக் கறி, 1,000 கிலோ – 1602 49
6. பன்றி இறைச்சிப் பூரணம் வைத்துச் சுட்ட பன், 800 கிலோ – 1602 49

ஆறில் நான்கு எண்களைத் திருத்த வேண்டியிருந்தது. கடைசிவரை வாதாடிக் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒன்றை மட்டும்தான்: முதல் வரி.

பணம் எங்கே தொங்குகிறது

இந்தியத் தீர்வை அட்டவணையில் 1602-இன் கீழ் வரும் பன்றி இறைச்சிக்கு (41 பின்தொடை, 42 தோள்பகுதி, 49 கலவை உள்ளிட்ட மற்றவை) அடிப்படைச் சுங்கத் தீர்வை 30 சதவீதம். 0203 (பச்சைப் பன்றிக்கறி), 0210 (உப்பிட்ட, உலர்த்திய, புகையூட்டிய கறி) இரண்டுக்கும் அதே 30. ஆனால் 1601-க்கு, அதாவது சாசேஜுக்கும் அதைப் போன்ற பொருள்களுக்கும், 100 சதவீதம். தீர்வையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் கட்டணம் சேர்த்தால் 33-க்கும் 110-க்கும் இடையிலான சண்டை இது. (அட்டவணை வீதம் இது, தாக்கல் செய்யும் நாளில் அறிவிக்கையைப் பார்க்காமல் எந்த வீதத்தையும் நம்பக் கூடாது.) ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி) 1601, 1602 இரண்டுக்கும் ஒன்றேதான், உள்ளீட்டு வரவாகத் திரும்பியும் வரும். அதனால் கணக்கில் அதை விட்டுவிடலாம்.

ஹாமின் மதிப்பு கிலோ 600 ரூபாய் என்றால் 25,20,000 ரூபாய். 1602-இல் தீர்வை 8,31,600. 1601-இல் 27,72,000. இடைவெளி 19,40,400 ரூபாய். சரக்கின் விலையைவிடத் தீர்வை கூடிவிடும் நிலை. திருத்திய நான்கு வரிகளில் எண் மாறினாலும் அடிப்படைத் தீர்வை பெரிதாக நகராது. நான்காவது வரியில் மட்டும் நகரும், அதுவும் இறக்குமதியாளருக்கு எதிராக.

ஹாமும் சாசேஜும் எங்கே பிரிகின்றன

இந்த ஹாம் 1601-தான் என்ற சுங்க அதிகாரியின் வாதம் எளிமையானது, மேலோட்டமாகப் பார்த்தால் பலமானதும்கூட. பொருள் உருளை வடிவம். செயற்கை உறைக்குள் இருக்கிறது. லேபிளில் மாவுச்சத்தும் சோயா புரதமும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் சாசேஜ்.

உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் 16.01-க்கு (அதாவது 1601-க்கு) கொடுக்கும் இலக்கணத்தில் உறை உண்டு, வடிவம் உண்டு, மாவுச்சத்தும் மசாலாவும் இருக்கலாம் என்பதும் உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தில் முதலில் நிற்பது வேறு ஒன்று: இறைச்சி கொத்தப்பட்டதாகவோ அரைக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். உறை இல்லாமலேகூட ஒரு பொருள் 16.01-இல் இருக்க முடியும், உருளை வடிவத்துக்கு வார்த்திருந்தால் போதும். கொத்தாத இறைச்சி அங்கே இருக்க முடியாது. அதே குறிப்பின் விலக்குப் பட்டியலில், கொத்தாமல் அரைக்காமல் குடலிலோ செயற்கை உறையிலோ அடைத்த இறைச்சி வெளியே தள்ளப்பட்டு, உதாரணமாகச் சுருட்டிக் கட்டிய ஹாமும் தோள்பகுதியும் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை நிலைமைக்கேற்ப 02.10-க்கோ 16.02-க்கோ போகும்.

விளக்கக் குறிப்புகள் இந்தியாவில் சட்டம் அல்ல. ஆனால் வகைப்பாட்டுக்கு நம்பகமான வழிகாட்டி என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வுட் கிராஃப்ட் வழக்கில் சொன்ன பிறகு, எதிர்க்காரணம் இல்லாமல் அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் கேள்வி சட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு நகர்கிறது: இந்த உருளைக்குள் இருப்பது முழுத் தசையா, கைமாவா?

வேகவைத்த ஹாம் செய்யும் முறை பெரும்பாலும் இப்படி. பன்றியின் பின்தொடையிலிருந்து எலும்பை எடுக்கிறார்கள். தசைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கொழுப்பையும் சவ்வையும் சீவுகிறார்கள். பல ஊசிகள் கொண்ட இயந்திரம் உப்பு, நைட்ரைட், பாஸ்பேட், சில சமயம் மாவுச்சத்து கலந்த நீரைத் தசைக்குள் ஏற்றுகிறது. பிறகு வெற்றிடத்தில் சுழலும் டிரம்மில் மணிக்கணக்கில் புரள விடுகிறார்கள். இதில் தசையின் உப்பில் கரையும் புரதம் வெளியே கசிந்து பசைபோல மேலே படிகிறது. உறைக்குள்ளோ அச்சுக்குள்ளோ அழுத்தி வேகவைக்கும்போது அந்தப் பசை இறுகி, தனித்தனித் தசைகள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. நடுப்பகுதி 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தைத் தொட்டதும் இறக்குகிறார்கள். கடைசியில் கிடைக்கும் வடிவம் அச்சு கொடுத்தது. உறை சமையலுக்கான பாத்திரம், பரிமாறும்போது உரித்துப் போட வேண்டியது. மாவுச்சத்து ஏற்றிய நீரைப் பிடித்து வைக்க வந்தது. மூன்றுமே இறைச்சியைக் கொத்தியதற்குச் சான்று ஆகா.

சிக்கல் வந்தது தொழிற்சாலை அனுப்பிய செய்முறைப் படத்தில். அதில் ஒரு பெட்டி: “கால் முனைக் கறி, 3 மி.மீ. தட்டில் அரைப்பு, 12 சதவீதம்”. பல ஆலைகளில் இது சாதாரணம். கணுக்கால் பக்கத்துக் கறியில் நார் அதிகம். அதை நன்றாக அரைத்து, பெரிய தசைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்பப் பயன்படுத்துவார்கள். அதிகாரி இந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். சாசேஜில் பெரிய இறைச்சித் துண்டுகளும் இருக்கலாம் என்று விளக்கக் குறிப்பே சொல்கிறதே என்றார். உண்மை, சொல்கிறது.

இந்த இடத்தில் மறுப்பு எழுதுபவர்கள் தடுமாறுவது வழக்கம். “அரைத்த கறி இல்லவே இல்லை” என்று எழுதினால் சொந்த ஆவணமே பொய்யாக்கிவிடும். சரியான பதில் விகிதத்திலும் பங்கிலும் இருக்கிறது. பெரிய துண்டுகள் உள்ள சாசேஜில் அரைத்த கலவைதான் உடல். துண்டுகள் அதற்குள் பதிந்தவை. இங்கே 88 சதவீதம் முழுத் தசை. அரைத்தது இடுக்குகளை அடைக்கும் பூச்சு. பொருளின் இயல்பைக் கொடுப்பது தசைதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அரைத்த 12 சதவீதமும் அதே பின்தொடையிலிருந்து வந்தது. தோள்பகுதிக் கறியாக இருந்திருந்தால் 1601 ஆகியிருக்காது, ஆனால் 1602 41 என்பதும் ஆட்டம் கண்டிருக்கும். பகுதிகள் கலந்தால் 1602 49-க்குத் தள்ள வாதம் உண்டு.

விகிதம் எங்கே புரளும் என்பதற்கு அட்டவணையில் எண் இல்லை. 12 சதவீதத்தில் வாதம் நிற்கும். பாதிக்குப் பாதி என்றால் நிற்காது என்பதே எங்கள் மதிப்பீடு. நடுவில் இருப்பவர்கள் கப்பல் ஏறும் முன்பே முன்தீர்ப்புக்கு (வகைப்பாட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கும் தீர்ப்பு) போவது நல்லது.

எதைக் காட்டினால் நிற்கும்

2020 முதல் மதிப்பீடு முகமறியா முறையில் நடக்கிறது. சென்னையில் இறங்கும் ஹாமை வேறு துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மதிப்பிடலாம். அவர் கண்ணுக்குப் பொருள் தெரியாது. இ-சஞ்சித்தில் (சுங்கத்தின் இணைய ஆவணத் தளம்) ஏற்றிய காகிதம்தான் பொருள். அதனால் சான்றுகள் கேள்வி வந்த பிறகு தேடுவதற்கு உரியவை அல்ல, பில் ஆஃப் என்ட்ரியோடு (இறக்குமதித் தாக்கல் படிவம்) போக வேண்டியவை.

குறுக்குவெட்டுப் படம் முதன்மையானது. உருளையின் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகள் வெட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். முழுத் தசை ஹாமில் மூன்று நான்கு தசைகளின் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் நார் ஒரு திசையில் ஓடும். நிறமும் தசைக்குத் தசை மாறும். வில்லையைக் கையால் இழுத்தால் அந்த எல்லைக்கோட்டில் பிளக்கும். அரைத்த கலவை எங்கே வேண்டுமானாலும் உடையும், கொழுப்புப் புள்ளிகள் சீராகச் சிதறிக் கிடக்கும். இந்த வேறுபாட்டுக்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை.

அடுத்தது செய்முறைப் படமும் எடைவாரிச் செய்பொருள் பட்டியலும். அரைக்கும் தட்டின் துளை அளவு, அரைக்கப்படும் பங்கு, எந்தப் பகுதிக் கறி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சில ஆலைகள் தசையின் மேற்பரப்பைக் கத்திகளால் கீறிவிடும், உப்புநீர் நன்றாக இறங்குவதற்காக. மொழிபெயர்ப்பில் இது “வெட்டுதல்” என்று வந்துவிடும். வெட்டுதல் என்ற சொல் கொத்துதல் ஆகி, கொத்துதல் 1601 ஆகிவிடும். மேற்பரப்பைக் கீறுவது என்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வகைப்பட்டியல் சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் முறையைத் தழுவியது. அதில் முழுத் துண்டாகப் பதப்படுத்திய இறைச்சி 8.2, கொத்தி அரைத்துப் பதப்படுத்தியது 8.3. இந்தச் சரக்கில் ஹாமுக்கு 8.3 என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தார்கள், முந்தைய சாசேஜ் சரக்கின் விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்ததால். உணவு வகை எண் சுங்க வகைப்பாட்டைத் தீர்மானிக்காது. ஆனால் “அரைத்த பொருள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்” என்ற ஒரு வரிக்குப் பதில் எழுத இரண்டு பக்கம் ஆகிறது. கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதியிலும், ஏற்றுமதி நாட்டுக் கால்நடை மருத்துவச் சான்றிதழிலும் பொருளின் பெயர் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஹாம், ஒன்றில் ஹாம் சாசேஜ், ஒன்றில் இறைச்சித் தயாரிப்பு என்று இருந்தால் எந்தப் பெயர் வரியைக் கூட்டுமோ அதுதான் எடுபடும்.

மாதிரி எடுக்கும் நிலை வந்தால், உறை பிரிக்காத முழு உருளையைக் கொடுங்கள். வில்லைகளாக வெட்டிய பொதியையோ நொறுங்கிய துண்டையோ கொடுத்தால் தசை எல்லை காணாமல் போகும். ஆய்வகத்திடம் கேட்கப்படும் கேள்வியின் சொற்கள் இன்னும் முக்கியம். “இது ஹாமா?” என்று கேட்டால் லேபிளைப் பார்த்து ஆம் என்று வரும், அதற்கு மதிப்பில்லை. இறைச்சி கொத்தப்பட்டதா, துண்டின் அளவு என்ன, முழுவதும் வெந்ததா, இறைச்சியின் எடைப் பங்கு என்ன என்று கேட்க வேண்டும்.

தோற்க வேண்டிய வரி: பீட்சா டாப்பிங்

ஹாமுக்கு எழுதிய வாதத்தை அப்படியே டாப்பிங்குக்கும் ஒட்டிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். இந்தப் பொருளின் செய்முறை: பன்றிக் கறியும் கொழுப்பும் 5 மி.மீ. தட்டில் அரைக்கப்படுகின்றன, மசாலா சேர்க்கப்படுகிறது, நீளமான உறையில் அடைத்து வேகவைக்கப்படுகிறது, உறையை உரித்து ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி உறைய வைக்கப்படுகிறது. உறையிலிருந்து வெளிவந்த நிமிடத்தில் அது சாசேஜ். வில்லையாக வெட்டினாலும், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தாலும் சாசேஜ் 16.01-ஐ விட்டு நகராது என்பது விளக்கக் குறிப்பு. சதுரமாக வெட்டினால் மட்டும் நகரும் என்று வாதிட இடமில்லை. பொருள் மதிப்பு 6,00,000 ரூபாய். கூடுதல் தீர்வை 4,62,000. தானே முன்வந்து 1601 என்று தாக்கல் செய்தால் தீர்வையோடு முடியும். 1602 49 என்று தாக்கல் செய்து செய்முறைப் படத்தை மறைத்துவிட்டுப் பிடிபட்டால், சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவில் பறிமுதல் பொறுப்பு, 112 அல்லது 114ஏ-யில் தண்டம், 28-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுக் கெடு ஐந்தாக நீட்சி என்று வரிசையாக வரும். பக்கத்து வரியில் இருக்கும் ஹாமின் நல்ல வாதமும் அதோடு சேர்ந்து கெடும். இதைச் சொன்னால் வணிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரே கொள்கலனில் தோற்க வேண்டியதைத் தோற்றுக் காட்டுவதே வெல்ல வேண்டியதை வெல்லும் வழி.

அடுத்த தடவைக்கு வேறு பொருள் வாங்கலாம். அதே கலவையை உறையில் அடைக்காமல், உதிரியாகத் தட்டில் பரப்பி அடுப்பில் வேகவைத்த டாப்பிங்கும் சந்தையில் உண்டு. அதற்குச் சாசேஜின் உறையும் இல்லை, வடிவமும் இல்லை. 1602 49-இல் இயல்பாக உட்காரும். பொருள் உண்மையிலேயே அப்படிச் செய்யப்பட்டிருந்தால் இதில் குற்றம் ஏதுமில்லை.

தகர டப்பாவில் வரும் லஞ்சன் மீட் பற்றியும் அடிக்கடி கேட்பார்கள். அரைத்ததுதான், ஆனால் டப்பாவின் வடிவமே அதன் வடிவம். சாசேஜ் உருவம் கிடையாது. 1602 49. பன்றி ஈரலில் செய்த பேஸ்ட் சாசேஜ் உறையில் இல்லையென்றால் 1602 20.

வேகாத இரண்டு: பேக்கனும் விலாவும்

அத்தியாயம் 2-க்கும் (இறைச்சி) 16-க்கும் (இறைச்சித் தயாரிப்புகள்) இடையே உள்ள வேலியை அத்தியாயம் 16-இன் முதல் குறிப்பு கட்டுகிறது: 2-ஆம் அத்தியாயத்தில் சொன்ன முறைகளால் மட்டும் பதப்படுத்தியது 16-க்கு வராது. அந்த முறைகள் குளிர்வித்தல், உறைவித்தல், உப்பிடல், உப்புநீரில் ஊறவிடல், உலர்த்தல், புகையூட்டல். வேகவைத்தல் அதில் இல்லை. மசாலா தடவுதலும் இல்லை.

பேக்கனில் தகராறு வந்தது மருத்துவச் சான்றிதழின் “வெப்பச் சிகிச்சை அளிக்கப்பட்டது” என்ற வரியால். அப்படியானால் வெந்தது, 1602 49 என்று கேள்வி. புகைக்கூடத்தில் பன்றி வயிற்றுப் பகுதியின் நடு வெப்பம் 53 டிகிரி அளவுக்குப் போவது வழக்கமான முறைதான். அந்த வெப்பத்தில் கறி இறுகும், வேகாது. வாணலியில் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். லேபிளில் “சமைத்து உண்ணவும்” என்று இருப்பதும், புகைக்கூட வெப்பப் பதிவேடும் சேர்ந்து 0210 12-ஐக் காப்பாற்றின. மைக்ரோவேவில் சூடாக்கி அப்படியே உண்ணும் முன்வெந்த பேக்கன் வேறு. அது 1602 49-தான்.

இங்கே ஒரு பொறி. மீன் கையாண்டு பழகிய புரோக்கர்கள், புகையூட்டும்போது வெந்தாலும் புகையூட்டிய பொருள் என்றே வகைப்படுத்தலாம் என்று நினைத்துவிடுவார்கள். 03.05 தலைப்பில் புகையூட்டிய மீனுக்கு, புகையூட்டும் முன்போ அப்போதோ வெந்திருந்தாலும் சரி என்ற சொற்கள் தலைப்பிலேயே உண்டு. இறைச்சியின் 02.10-இல் அந்தச் சொற்கள் கிடையாது. நடுவரை வெந்த புகைக்கறி 16-க்குப் போகும்.

பேக்கன் முதுகுப் பகுதியிலிருந்து வந்திருந்தால் 0210 19. எலும்பு எடுத்த உலர் ஹாமுக்கும் அதுவே. 0210 11 எலும்போடு இருப்பதற்கு மட்டும். 1602 41-இல் எலும்புக் கணக்கு இல்லை என்பதால் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விலா எலும்புக் கறி பச்சையாக உறைந்தது, எனவே 0203 29 என்று விற்பவர் போட்டிருந்தார். மேலே மிளகாய்த்தூள், மிளகு, உப்பு பரவலாகத் தடவியிருக்கிறது. உப்பும் மிளகும் சேர்த்துப் பக்குவப்படுத்திய வேகாத கறியை 16.02-இன் விளக்கக் குறிப்பு தன்னிடம் எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதையே தன் கூடுதல் குறிப்பில் இன்னும் கறாராக எழுதி வைத்திருக்கிறது: மசாலா ஆழமாக இறங்கியிருக்க வேண்டும் அல்லது முழு மேற்பரப்பிலும் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லது நாக்குக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்திய அட்டவணையில் இந்தச் சொற்கள் இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்க்க நல்ல அளவுகோல். 1602 49 என்று திருத்தப்பட்டது. அடிப்படைத் தீர்வை மாறவில்லை. ஆனால் 0203-இல் ஜிஎஸ்டி சிப்பத்தையும் லேபிளையும் பொறுத்து மாறும், 1602-இல் அப்படி மாறாது. அதனால் “வருவாய் வேறுபாடு இல்லை” என்ற பதிலை எழுதிவிடாதீர்கள்.

வெறும் உப்புநீர் ஏற்றி உறைய வைத்த பச்சைக் கறி இந்தக் கொள்கலனில் இல்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் உப்பு இருந்தால் 02.10 ஆகிவிடுமா? ஐரோப்பாவில் பன்றிக்கும் மாட்டுக்கும் 1.2 சதவீத உப்பு எல்லா இடத்திலும் சீராக இறங்கியிருக்க வேண்டும், நெடுநாள் கெடாமல் வைப்பதும் அந்த உப்பாகவே இருக்க வேண்டும். இதே கேள்வியில் உறைந்த உப்புக் கோழிக்கறிக்காக பிரேசிலும் தாய்லாந்தும் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாவோடு மோதி 2005-இல் வென்றன. கோழியைப் பொறுத்தவரை ஐரோப்பா ஏற்றுக்கொண்ட கடப்பாட்டில் “உப்பிட்ட” என்ற சொல்லுக்குள் நெடுநாள் பாதுகாப்பு என்ற நிபந்தனை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்திய அட்டவணையில் சதவீதம் எதுவும் எழுதப்படவில்லை. சாறு வற்றாமல் இருக்க ஏற்றியது லேசான உப்புநீர், பொருளைக் காப்பது உறைநிலை என்றால் 0203 என்று தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு.

பன்னின் எடை

அத்தியாயம் 16-இன் இரண்டாவது குறிப்பு: சாசேஜ், இறைச்சி, உள்ளுறுப்பு, இரத்தம், மீன் போன்றவை எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த உணவுத் தயாரிப்பு இந்த அத்தியாயம். 2022 பதிப்பில் பூச்சிகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. 20-க்கு மேல், சரியாக 20 என்றால் வராது.

விற்பவரின் செய்பொருள் பட்டியலில் பச்சைப் பன்றிக்கறி 26 கிராம், மொத்த மாவும் பூரணமும் 110 கிராம்: 23.6 சதவீதம். அதனால் 1602 49 என்று போட்டிருந்தார். ஆனால் எடை பார்க்க வேண்டியது சுங்கத்தில் பொருள் வந்து நிற்கும் நிலையில், சமைக்கும் முன்னால் அல்ல. வெந்த பிறகு கறி 20 கிராமாகச் சுருங்கியது, பன்னின் மொத்த எடை 102. 19.6 சதவீதம். பன் 1905 90-க்கு (ரொட்டி, பேக்கரிப் பண்டங்கள்) போனது. ஒரு கிராம் கறி கூடியிருந்தால் 1602 49-இலேயே நின்றிருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு பன்னை எடை போட்டுவிட்டு முடிவெடுக்கக் கூடாது. வெவ்வேறு பெட்டிகளிலிருந்து குறைந்தது பத்தாவது எடுத்து, பூரணத்தைப் பிரித்து, கறியைத் தனியாக்கி நிறுத்து, சராசரியை ஆவணமாக்க வேண்டும்.

பன்னுக்குப் பதில் டம்ப்ளிங் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். பூரணம் நிரப்பிய பாஸ்தா வகை 1902 20. எவ்வளவு கறி இருந்தாலும் 20 சதவீத விதி அதைத் தொடாது என்று அதே குறிப்பு சொல்லிவிடுகிறது.

உதிர்த்த தோள்பகுதிக் கறியில் சண்டை இல்லை. முழுவதும் தோள்பகுதி என்பது சான்றிதழில் உறுதி, நார் நாராக உதிர்த்ததே தவிர அரைத்தது அல்ல. 1602 42 என்று திருத்தினார்கள். பின்தொடையும் தோளும் கலந்திருந்தால் 49 சரியாக இருந்திருக்கும்.

மறுமதிப்பீட்டில் செய்ய வேண்டியதும் கூடாததும்

ஹாமை 1601-க்கு மாற்றி மறுமதிப்பீடு செய்தார்கள். ரீஃபர் கொள்கலன் என்பதால் ஒவ்வொரு நாளும் மின்இணைப்புக் கட்டணமும் தரை வாடகையும் ஏறும். இந்த அழுத்தத்தில்தான் இறக்குமதியாளர்கள் “ஒப்புக்கொள்கிறோம், விடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தில் ஒப்புக்கொண்டால் 17(5) பிரிவின்படி காரணம் விளக்கும் உத்தரவு கேட்கும் உரிமை போய்விடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுமதிப்பீட்டிலிருந்து 15 நாளுக்குள் அதிகாரி அந்த உத்தரவைத் தர வேண்டும். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் தீர்வையைக் கட்டிச் சரக்கை எடுக்கலாம். ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டுமானால் 18-ஆம் பிரிவில் பத்திரமும் பிணையும் கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் எடுக்கலாம். ஹாம் போன்ற பொருளுக்கு இரண்டாவதே மேல், மாதிரியும் முறையாகப் பதிவாகும் என்பதால். இங்கேயும் அந்த வழியில்தான் சரக்கு வெளியே வந்தது. குறுக்குவெட்டும் எடைவாரிப் பட்டியலும் போன பிறகு இறுதி மதிப்பீடு 1602 41-இல் முடிந்தது.

முடியாமல் போயிருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம், தகராறுத் தொகையில் 7.5 சதவீதம் முன்வைப்புடன். அதற்கு மேலே தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. வகைப்பாடு பற்றிய கேள்வி அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்.

தவிர்க்க முடியாத இன்னொரு எச்சரிக்கை. பயந்துபோய்த் தாங்களே ஹாமை 1601 என்று தாக்கல் செய்து 110 சதவீதம் கட்டிவிட்டு, பிறகு 27-ஆம் பிரிவில் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. சுயமதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு உத்தரவுதான், அதை மேல்முறையீட்டிலோ திருத்தத்திலோ மாற்றாமல் திருப்பித் தர முடியாது என்று ஐடிசி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாதம் ஒரு கொள்கலன் இறக்குபவர்கள் முன்தீர்ப்பு ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டி 28எச் பிரிவில் கேட்டுவிடலாம். மூன்று மாதத்தில் தீர்ப்பு, மூன்று ஆண்டு செல்லுபடி, இடையில் சட்டம் மாறாத வரை. செய்முறைப் படத்தில் அரைக்கும் பங்கு 12 சதவீதம் என்று சொல்லித் தீர்ப்பு வாங்கிவிட்டு, ஆலை பின்னர் அதை 30 ஆக்கினால் தீர்ப்பு உதவாது. ஆலை செய்முறையை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

அடுத்த சரக்கின் இன்வாய்ஸில் முதல் வரி இப்படி மாறியது: “பன்றிப் பின்தொடை, எலும்பு நீக்கியது, முழுத் தசை 88 சதவீதம், அதே தொடையின் அரைத்த கறி 12 சதவீதம், உப்புநீர் ஏற்றி முழுவதும் வேகவைத்தது, சமையல் உறையுடன், உறைந்தது, 6 கிலோ.” டாப்பிங் வரியில், “அரைத்து, உறையில் அடைக்காமல், உதிரியாக வேகவைத்தது”. உணவு வகை எண் ஹாமுக்கு 8.2, டாப்பிங்குக்கு 8.3.